கொக்கின் கண்ணுக்குள் ஓடிய வேன்

“இல்லைங்க மேடம், நான் குடுக்கல. குடுத்திருந்தா ரெண்டு பஸ் மாறி வந்து உங்க முன்னாடி ஏன் உக்காரப்போறேன்?”

“குடுத்தீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. டீ ஆறுது பாருங்க.”

அந்தப் பெண் டீயைத் தொடவில்லை. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பதும் உடனே புரட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முஸ்தகீமுக்கும் கால் ஆடத் தொடங்கிவிட்டது. பூந்தமல்லியில் ஒரு பேக்கரிக்கு மேலிருந்த அந்த அறையில் பதறாமல் இருந்தது அவனுடைய பெரியம்மா மகள் வஹீதுன்னிசா மட்டும்தான். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் துருவி எடுத்தவர். அந்த வேலையை விட்டபின், போலீஸுக்குக் கொண்டுபோக முடியாத சங்கடங்களை விசாரித்துச் சொல்லிவந்தார். முஸ்தகீம் அவருக்கு வண்டியோட்டி, உதவியாளன், எல்லாவற்றுக்கும் மேலாக அவசரக்காரன்.

வந்தவள் பெயர் நிவேதிதா. திருமுல்லைவாயிலில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி இருதயராஜ் நடத்தும் சின்ன விளம்பர ஸ்டுடியோவில் போன வாரம்வரை அனிமேஷன் செய்தவள். தண்ணீர் கேன் கம்பெனி ஒன்றுக்காக ஒரு வெள்ளைக் கொக்கை வரைந்து பறக்கவிட்டிருந்தாள். விளம்பரம் முடிவதற்குள் அதே கொக்கு போட்டிக் கம்பெனியின் விளம்பரத்தில் பறந்துவிட்டது.

“பின்னணியே இல்லாம எடுத்துக் குடுக்கணும் மேடம். வரைஞ்சது மட்டும் இருக்கும், சுத்தி கண்ணாடி மாதிரி வெறுமை. அப்போதான் எடிட்டர் ஆனந்தன் அதைத் தெரு வீடியோ மேல வைக்க முடியும். அந்த ஃபைல் என்கிட்டயும் ஆனந்தன்கிட்டயும்தான் இருந்துச்சு. ஆனந்தன், சாரோட அக்கா பையன். அப்போ திருடி யாரு, நான்தானே? ஸ்டுடியோக்காரங்க வாட்ஸப் குரூப்புல சார் என் பேரைப் போட்டே எழுதிட்டார். வளசரவாக்கத்துல ஒரு இடத்துல நாளைக்கு வேலைக்குச் சேரணும். காலையில கூப்பிட்டு, ‘அதை முடிச்சிட்டு வாம்மா’ங்கிறாங்க.”

“ரெண்டையும் காட்டுங்க.”

மடிக்கணினியில் முதலில் அவளுடையது ஓடியது. பின்னணி இல்லை என்பதைக் காட்டும் சாம்பல் கட்டங்களின் மேல், கொக்கு அலகில் கேனைக் கவ்விக்கொண்டு பறந்தது. ஒரு கன்னங்கரிய காகம் விடாமல் துரத்திவர, கொக்கு அவ்வப்போது திரும்பி அதை முறைத்தது.

“காக்கா கதையிலயே கிடையாது. சிரிப்பு வரட்டும்னு கடைசியில நானா சேர்த்தேன்,” என்றாள். “சார் அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ‘கொக்கு சூப்பர்’னு மட்டும் மெசேஜ் வந்துச்சு.” திருட்டுப் பட்டத்தைவிட இது அவளை அதிகம் உறுத்தியது போலிருந்தது.

“கம்ப்யூட்டர்ல பார்த்தாரா?”

“அவர் எதைத்தான் கம்ப்யூட்டர்ல பார்த்தார்? எல்லாம் வாட்ஸப்தான்.”

அடுத்து போட்டி விளம்பரம். ஆவடிக் கடைத்தெருவுக்கு மேலே அதே கொக்கு. காகம் இல்லை. ஆனாலும் கொக்கு திரும்பித் திரும்பி வெறும் காற்றை முறைத்தது. கீழே ஒரு மஞ்சள் வேன் போனபோது அதன் கண்ணுக்குள்ளும் மஞ்சளாக ஏதோ ஓடி மறைந்தது. முஸ்தகீம் சொக்கிப்போனான்.

“தெரு அப்படியே கண்ணுல பிரதிபலிக்குது பாருங்கக்கா. திருடனா இருந்தாலும் கலைஞன்.”

“நான் அப்படிச் செய்யவே இல்லையே,” என்றாள் நிவேதிதா. “கண்ணுமணி வெறும் கறுப்புப் புள்ளிதான்.”

வஹீதுன்னிசா அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “வண்டியை எடுடா. நீங்க ஆட்டோல வந்துடுங்கம்மா.”

வழியெல்லாம் லாரிப் புழுதி. வரும் வரும் என்று வானம் இருட்டிக்கொண்டிருந்ததே தவிர மழை வரவில்லை. முஸ்தகீமுக்கு வாயடக்க முடியவில்லை.

“அந்த ஆனந்தன்தான்கா. அடையாளம் தெரியக்கூடாதுன்னு காக்காவை வெட்டிட்டான்.”

“அடையாளத்தை மறைக்கிறவன் கொக்கை விட்டுட்டுக் காக்காவையா மறைப்பான்? ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

ஸ்டுடியோவில் இருதயராஜ் நாற்காலியை விட்டு எழாமலே வரவேற்றார். “இன்னா மேடம், பஞ்சாயத்தா? இந்தப் பொண்ணை எம் பொண்ணு மாரி பாத்துக்கினேன். அதுக்குத்தான் இந்தப் பரிசு. பாய், நீங்களாச்சும் ஒக்காருங்க.”

முஸ்தகீம் உட்காரவில்லை. அவன் கண் ஆனந்தனின் விரல்கள்மேல் இருந்தது. அவை மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தன. குற்றமுள்ள விரல்கள் என்று முடிவு செய்துகொண்டான்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறோம்,” என்றார் வஹீதுன்னிசா. “அந்த அனிமேஷன்ல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.”

“இது ஒரு கேள்வியா? கொக்கு கேனைத் தூக்கினு பறக்கும். நடுவுல நடுவுல ஸ்டைலா திரும்பி ஒரு லுக்கு உடும். அவ்ளோதான்.”

ஆனந்தன் சிரித்துவிட்டான். “மாமா, காக்காவை உட்டுட்டியே. அதானே காமெடி.”

“இன்னா காக்கா?”

நிவேதிதா அவரை முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

“தம்பி, அந்த ஃபைலை உங்க ஃபோனுக்கே வாட்ஸப்புல வீடியோவா அனுப்பிப் பாருங்க,” என்றார் வஹீதுன்னிசா.

வந்த வீடியோவில் சாம்பல் கட்டங்கள் இல்லை, காகமும் இல்லை. திரை முழுவதும் கறுப்பு; நடுவில் தன்னந்தனியாக வெள்ளைக் கொக்கு.

“வாட்ஸப்புக்கு வெறுமைன்னா தெரியாதுக்கா,” என்றான் ஆனந்தன். “கறுப்பைப் போட்டு அடைச்சிடும். கறுப்புல கறுப்புக் காக்கா எங்க தெரியப்போவுது?”

“இப்போ இதை ஒரு தெருமேல வெச்சு, கறுப்பை மட்டும் எடுத்துடுங்க.”

ஆனந்தன் எடுத்தான். அவனிடம் இருந்த ஒரு வெள்ளானூர்ச் சாலைக் காட்சியின்மேல் கொக்கு பறந்தது, இல்லாத எதையோ முறைத்தது. அதன் கண்ணுக்குள் ஒரு சிவப்பு பஸ் ஊர்ந்து போனது. முஸ்தகீமுக்குக் காது சூடேறியது.

“பிரதிபலிப்பு இல்ல, ஓட்டை,” என்றார் வஹீதுன்னிசா. “கறுப்பை எடுக்கறப்போ கண்ணுமணியும் சேர்ந்து போச்சு. காக்காவை யாரும் வெட்டலை, திருடினவர் அதைப் பார்த்ததே கிடையாது. அதனாலதான் கொக்கு யாரை முறைக்குதுன்னுகூட யோசிக்கலை. நிவேதிதாகிட்டயும் ஆனந்தன்கிட்டயும் சுத்தமான ஃபைல் இருந்துச்சு. அவங்க குடுத்திருந்தா காக்காவும் போயிருக்கும், கண்ணும் முழுசா இருந்திருக்கும். ஆக, வெளியே போனது ஃபோனுக்கு வந்த கறுப்பு வீடியோ. அது யாருக்கு வந்துச்சு?”

நிவேதிதா மெதுவாகச் சொன்னாள். “சாருக்கு அனுப்பறப்போ எப்பவும் பின்னாடி நீலம் வெச்சுத்தான் அனுப்புவேன். அன்னைக்கு மட்டும் ‘எதுவும் வெக்காத, அப்படியே தட்டி உடு’ன்னு அவசரப்படுத்தினார்.”

எல்லோரும் இருதயராஜ் பக்கம் திரும்பினார்கள்.

“மேடம், கர்த்தர் சாட்சியா சொல்றேன், ஃபைலை நான் ஒருத்தனுக்கும் குடுக்கல.”

“ஃபைல் வேணாம் சார். அந்த வீடியோ?”

“அதா? அது வாக்கிங் குரூப்புல போட்டேன். நம்ம பசங்க வேலை எப்படிக் கீது பாருங்கன்னு ஒரு பெருமைக்கு. சும்மா ஃபார்வர்டு மேடம். ஃபார்வர்டு பண்றதைப் போய் யாராச்சும்...” அவர் குரல் தானாகத் தேய்ந்தது.

“அந்தக் குரூப்புல தண்ணி கம்பெனிக்காரங்க யாராவது இருக்காங்களா?”

“துலுக்கானம் கீறாரு,” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. காகமில்லாத விளம்பரத்தின் கடைசியில் பெயர் வந்த போட்டிக் கம்பெனிக்கு முதலாளி அந்தத் துலுக்கானம்தான். “தினமும் கூடத்தான் நடக்குறாரு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற பொம்மை வேற போட்டிருந்தாரு.”

ஆனந்தன் மவுஸை விட்டுக் கையை எடுத்தான். இவ்வளவு நாளும் தன்மேலும் சந்தேகம் இருந்திருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலும். மாமாவை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருதயராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு சிரிப்பை வரவழைத்தார். “சரி வுடும்மா. தெரியாம நடந்துபோச்சு. நாளைலருந்து நீ வேலைக்கு வந்துடு. அந்தத் துலுக்கானத்தை நான் பாத்துக்குறேன். நமக்குள்ள இத்தோட மறந்துடலாம், இன்னா?”

நிவேதிதா மேசையருகே வந்து நின்றாள். கவிழ்ந்து கிடந்த அவருடைய கைப்பேசியை எடுத்து, அவர் பக்கமாக நீட்டினாள்.

“வேலை இருக்கட்டும் சார். ஸ்டுடியோக்காரங்க குரூப்பைத் திறங்க. என் பேரைப் போட்டு, இந்தப் பொண்ணு எடுக்கலன்னு எழுதுங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்.”