மேல் பத்தி ஆடுகிறது

அவள் குடையை உள்ளே வந்து மடக்கினாள். வெளியே மடக்கியிருக்க வேண்டும். குடையில் இருந்த மழை மொத்தமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் மடியில், அச்சுத் தாள்களின் மேல் கொட்டியது.

"ஐயோ... சாரி."

"பரவாயில்லை. இதுல பாதி தப்பு. கரைஞ்சு போனா எனக்கு வேலை மிச்சம்."

நிமிர்ந்தான். புதுக் கண்ணாடி, மூக்குக்கு இன்னும் பழகவில்லை. அதில் இரண்டு மழைத்துளி. துளிகளுக்குப் பின்னால் கண்கள்... அவள் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

அது அவளுடைய அக்காவின் கண் கிளினிக். மதிய இடைவேளையில் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். டப்பாவைத் திறந்து ஸ்பூனை எடுத்ததுமே அடுத்த நோயாளியாக அவனே உள்ளே வந்தான்.

"எழுத்து ஆடுது டாக்டர். கடையில கண்ணாடி வாங்கிப் போட்டும் நிக்கலை. அச்சகத்துல புரூஃப் பார்க்கிறேன். கண்ணு போச்சுன்னா பொழப்பு போச்சு."

அக்கா விளக்கடித்துப் பார்த்தாள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். அவன் கடைசி வரியைப் படித்தான். அதற்கும் கீழே எறும்பு அளவில் இருந்த, பலகையை அச்சடித்தவர்களின் போன் நம்பரையும் படித்தான்.

"கழுகுக் கண்ணு உங்களுக்கு. எங்க ஆடுது?"

"போன்ல. இந்தக் கேள்வி பதில் ஆப்ல மட்டும்."

"அப்ப வைத்தியம் உங்களுக்கு இல்லை. அதை எழுதினவனுக்கு."

அவள் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

எழுதியவள் அவள். அவளுடைய கம்பெனி, ஆப்களுக்கு வேண்டிய திரைத் துண்டுகளைச் செய்து கொடுத்தது. பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி... அந்த ஆப்பில் பதில் சொல் சொல்லாக ஓடி வரும், மார்க்டவுன் என்கிற குறிகளோடு. நட்சத்திரமும் கோடுமாக வருகிறதைத் தடித்த எழுத்தாகவும் தலைப்பாகவும் மாற்றிக் காட்டுகிற துண்டு அவளுடையது. ஒன்றரை வருட உழைப்பு. 'ஆடுகிறது' என்று வந்த புகார்களுக்கெல்லாம் 'என் மெஷினில் ஆடவில்லை' என்று பதில் போட்டு மூடியவளும் அவளேதான்.

"காட்டுங்க, பார்க்கலாம்," என்று அவனிடம் கையை நீட்டினாள்.

பழைய போன். ஓரத்தில் கீறல்.

"பாருங்க. புதுச் சொல் வர்றது கீழ. ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் மேல் பத்தியும் சேர்ந்து குதிக்குது. ரெண்டு நட்சத்திரம் முளைக்குது... மறையுது... எழுத்து தடிக்குது, வரி மடங்குது. எழுதினவர் தன் எழுத்தைத் திரும்பப் படிக்காத ஆளு."

கோபப்பட வழியில்லை. அத்தனையும் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் முழுப் பதிலையும் முதலிலிருந்து பிரித்து, முழுவதையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தது அவள் நிரல். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாததை இவன் வெறும் கண்ணால் பார்த்துவிட்டான். இப்படி ஒரு கண்ணா...

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க வேலை பார்க்கிறார். சொல்றேன்," என்றாள்.

'நான்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. கர்வம். அதற்கு வேறு பெயர் கிடையாது. அக்கா டப்பா மூடிக்குப் பின்னால் சிரித்தாள்.

அடுத்த மூன்று வாரமும் கிளினிக்குக் கீழே இருந்த காபிக் கடையில், மதிய நேரத்தில் சந்தித்தார்கள். 'தெரிஞ்சவர்' பெயரைச் சொல்லி அவள் திருத்திக் கொண்டு வருவாள். அவன் பழைய போனில் படிப்பான். படிக்கும்போது பேச மாட்டான். ஆள்காட்டி விரல் மட்டும் வரியோடு நகரும். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு காபியை ஆறவிடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

முடிந்த பத்தியை இனித் தொடக் கூடாது என்று எழுதினாள். கடைசிப் பத்தியை மட்டும் புதிதாகப் பிரித்தாள். சொற்களைச் சேர்த்துப் பிடித்து, திரை புதுப்பிக்கும் நேரம் பார்த்து ஒன்றாக இறக்கினாள்.

"மேல் பத்தி கல்லு மாதிரி நிக்குது," என்றான். "நட்சத்திரம் எங்க போச்சு?"

"தொடக்கக் குறி வந்ததுமே தடிச்ச எழுத்தா காட்டிடறது. முடிவுக் குறி எப்படியும் வரும்னு நம்பி."

"வரலைன்னா?"

"கழட்டிக்கலாம். ஆனா பெரும்பாலும் வந்துரும்."

அவன் கண்ணாடியைத் துடைத்தான். "உங்க தெரிஞ்சவர் தைரியசாலிங்க. நான் முற்றுப்புள்ளியைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

"ஆமா... சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து எழுதினார்," என்றாள். முகம் சிவந்துவிட்டது.

அவன் அதைப் பார்த்தான். கழுகுக் கண் முதல்முறையாகத் தப்பாகப் படித்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் ஒரு செய்தி மட்டும் வந்தது: 'பிழை எதுவும் இல்லை. அவருக்கு என் வாழ்த்து. உங்களுக்கும்.'

அக்காவிடம் காட்டினாள்.

"உங்களுக்கும்னா என்னடி அர்த்தம்? நீ அந்தத் தெரிஞ்சவரைக் கட்டிக்கப் போறேன்னு நினைச்சு ஒதுங்கிட்டார். இல்லாத மாப்பிள்ளையை நீயே பெத்து, வளர்த்து, பக்கத்துல உட்கார வச்சிருக்கே."

"இப்ப போய் எப்படிக்கா சொல்றது? மானம் போகும்."

"போகட்டும். அவர் போயிட்டா திரும்ப வருவாரா?"

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. போகிற வழியெல்லாம் மழை. இந்த முறை குடையை வெளியிலேயே மடக்கினாள்.

அவன் தாள்களுக்கு நடுவே இருந்தான். காதில் பென்சில்.

"அந்த ஆள் நான்தான்," என்றாள், மூச்சு வாங்க.

"எந்த ஆள்?"

"எழுதினதைத் திரும்பப் படிக்காத ஆள். ஒன்றரை வருஷமா புகாரை மூடின ஆள். உங்களுக்கு வீணா கண்ணாடி மாட்டிவிட்டவ. சொல்ல வெட்கமா இருந்துச்சு... அவ்வளவுதான்."

அவன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"அப்ப அந்தச் சோறு தண்ணி..."

"நான்தான்."

"தைரியசாலி?"

"அதுவும்."

"அப்ப உங்களையே உங்ககிட்ட மூணு வாரமா புகழ்ந்திருக்கேன்."

"நான் தடுக்கலையே."

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அவளை ஒரு வரி விடாமல் படித்தன.

"எனக்கு உங்களை..."

வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"முடிக்க வேண்டாம்," என்றாள் அவள். "எனக்கு இப்பவே தடிச்சுத் தெரியுது."

"அது உங்க முறைங்க. நான் அரைகுறை வாக்கியத்தை அச்சுக்கு விடமாட்டேன்." எழுந்து நின்றான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

முழுதாக, சத்தமாகவே சொல்லிவிட்டான். மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிழை எதுவும் இல்லை," என்றாள்.