சிட்டு போட்ட முடிச்சு

போன் அடித்தது.

சீட் கவர்காரர் எடுக்கவில்லை. வாயில் ஊசி, மடியில் ஒரு லாரி சீட்டின் முதுகுப் பகுதி... இரண்டு கையும் வேலையில் இருந்தன.

மறுபடியும் அடித்தது.

"காலங்காத்தால யாரு இப்படி உயிரை எடுக்கிறது..."

முணுமுணுத்துக்கொண்டே ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு எடுத்தார். மாப்பிள்ளை.

"மாமா..."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"மாமா... சிட்டு... வண்டி..."

"மறுபடியும் நின்னு போச்சா? இந்தப் பாழாப்போன வண்டியைத் தலையைச் சுத்தித் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்."

"நின்னுதான் மாமா போச்சு. இறக்கத்துல நின்னு... பிரேக் பிடிக்காம... பள்ளத்துல..."

போனிலேயே மாப்பிள்ளை அழுதான்.

சீட் கவர்காரர் மடியில் இருந்ததைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார்.

சிட்டு அவருடைய ஒரே மகள். வீட்டில் வைத்த செல்லப் பெயர் அது. தாயில்லாமல் வளர்ந்தவள். தையல் மிஷினின் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியவள். மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார்கள். தூங்குகிற முகம். எழுப்பினால் 'இன்னும் அஞ்சு நிமிஷம்பா' என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது.

அவர் எழுப்பிப் பார்த்தார். அவள் எதுவும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

"நான்தான் மாமா காலையில காபி போட்டு பிளாஸ்க்ல ஊத்திக் கொடுத்தேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனா. கொஞ்ச நேரத்துல போன். 'ஏங்க, அதே டக் டக் சத்தம் வருதுங்க, இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு, பிரேக் கல்லு மாதிரி இருக்கு'ன்னு கத்தினா. அந்தச் சத்தம் போன்ல எனக்கே கேட்டுது மாமா. என் காதால கேட்டேன்."

அவனைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார். பெற்ற மகனாகத்தான் அவனை நினைத்திருந்தார்.

அந்த டக் டக் சத்தம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்த சத்தம்.

வண்டி புதிது. பச்சை நிறக் கார். வாங்கிய அன்றே சிட்டு அதை அப்பாவின் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை பளபளத்தது.

"இது இருக்கட்டும்பா. இதுக்கு மேலயே உங்க கவரைப் போடுங்க. சீட் எப்பவும் புதுசாவே இருக்கும்."

"வழுக்கும்டி கழுதை. முதல்ல இதை உரிச்சு எறியணும். அப்பறம்தான் கவர்."

உரித்து எறிந்தார். பழுப்புத் துணியில் மஞ்சள் ஓரம் வைத்துத் தைத்துப் போட்டார். சீட்டுக்கு அடியில் கொக்கிகளை அவரே இழுத்து மாட்டினார். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி சில வாரம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு சனி பிடித்தது. போய்க்கொண்டே இருக்கும்போது டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று ஒரு சத்தம்... உடனே இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டீயரிங் இறுகிவிடும்.

சர்வீசுக்கு விட்டால், "எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது சார்" என்பார்கள். எதையோ மாற்றியதாகச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்த வாரமே நடுரோட்டில் நிற்கும். வேறு வண்டி கொடு, இல்லையென்றால் இதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று மாப்பிள்ளை ஷோரூமில் கத்தாத கத்தல் இல்லை. ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். "இந்த வண்டி ஒருநாள் ஆளைக் கொல்லப் போகுது பாருங்க."

'இனிமேல் இதில் நான் கால் வைக்க மாட்டேன்' என்று சபதம் போட்டு பைக்குக்கு மாறிவிட்டான். மருந்துக் கம்பெனி வேலை அவனுக்கு. டாக்டர் டாக்டராகப் போய் சாம்பிள் மாத்திரை கொடுக்கிற வேலை. பைக்கே போதும்.

வண்டியை சிட்டு ஓட்டினாள்.

அவன் ஏறப் பயந்த வண்டியில் அவள் மட்டும் ஏன் ஏற வேண்டும்? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. மாமனாரும் மருமகனும் ஷோரூமில் போய் நின்றார்கள். கண்ணாடிச் சுவர், ஏசிக் குளிர், வாசலில் பூ வைத்த புதுக் கார்கள்.

மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். நாற்காலி கொடுத்தார். வார்த்தை மட்டும் கொடுக்கவில்லை.

"சார், எங்களுக்கும் வருத்தம்தான்..."

"வருத்தத்தை நீயே வச்சுக்கோ," என்றான் மாப்பிள்ளை. "என் பெண்டாட்டியைக் கொன்னிருக்கீங்க. கோர்ட்ல பார்த்துக்கறேன். உங்க கம்பெனியே எனக்குப் பதில் சொல்லணும்."

"எனக்குக் கோர்ட்டெல்லாம் தெரியாதுங்க," என்றார் சீட் கவர்காரர். "வண்டியில கோளாறு இருந்துச்சு, தப்பு எங்களுதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் பொண்ணு ஓட்டத் தெரியாம விழுந்தான்னு நாலு பேர் பேசக் கூடாது. எனக்கு அது போதும்."

மேனேஜர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மென்று விழுங்கிவிட்டார்.

"தலைமை ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்."

போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனி தன் பணிமனைக்கு இழுத்துப் போயிருந்தது. ஒரு மத்தியானம் சீட் கவர்காரர் அங்கே தனியாகப் போனார். அவள் கடைசியாக உட்கார்ந்த துணி... அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

காவல்காரர் இரக்கப்பட்டு உள்ளே விட்டார்.

பச்சை வண்டி அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கொக்கியைத் தேடினார்.

கொக்கி மாட்டியிருக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு முடிச்சு!

ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி, இரண்டு காது வைத்து, தொளதொளவென்று... சின்ன வயதில் சிட்டு எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவாள்.

விபத்துக்கு முந்தின வாரம் அவள் கடைக்கு வந்தது ஞாபகம் வந்தது. 'சீட் கவரை எப்படிப்பா கழட்டறது? துவைக்கணும்' என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள். 'நான் வந்து மாட்டித் தரேன்டி' என்றதற்கு, 'வேண்டாம் வேண்டாம், வரவே கூடாது' என்று சிரித்தாள்.

முடிச்சை அவிழ்த்தார். கவரை உருவினார்.

உள்ளே... பளபளவென்று பிளாஸ்டிக் உறை.

அவர் கையால் உரித்து எறிந்த உறை. ஒரு தடவை உரித்தது மறுபடியும் எப்படி முளைக்கும்?

சொன்னபடி கேட்காத கழுதை. அவள் ஆசைப்பட்ட மாதிரியே பிளாஸ்டிக்கின் மேலேயே கவரைப் போட்டிருந்தாள்.

கவரை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நேராக ஷோரூமுக்கு, மேனேஜர் அறைக்குப் போனார்.

"இது என் பொண்ணோட வண்டி இல்லை."

மேனேஜர் பேயறைந்தவர் போல் எழுந்தார். கதவைச் சாத்தினார்.

"உங்க பொண்ணு வண்டிதான் சார். ஆனா... பழைய வண்டி இல்லை."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"உங்க மருமகன் கத்திக் கத்திக் கேட்டும் நாங்க அசையலை. உங்க பொண்ணு சத்தமே போடலை. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்துடுவாங்க. பிள்ளைங்க நோட்டைத் திருத்திக்கிட்டே இருப்பாங்க. ஒருநாள் எங்க பெரிய அதிகாரி வந்தப்ப, அவரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு ஓட்டினாங்க. வண்டி அவரையும் நடுரோட்டுல நிறுத்திடுச்சு. ஆள் ஆடிப் போயிட்டார். மறுவாரமே அதே நிறத்துல புது வண்டி, அதே நம்பர் போர்டு, எல்லாம் மாத்திக் கொடுத்துட்டோம்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"வெளியில தெரிஞ்சா இதே மாடல் வச்சிருக்கிற எல்லாரும் வந்து நிப்பாங்கன்னு மேலிடத்துல வாயைக் கட்டிட்டாங்க. உங்க பொண்ணும் யாருக்கும் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க. 'வர்ற வாரம் என் வீட்டுக்காரருக்குப் பிறந்த நாள். அன்னைக்குத்தான் சொல்லப் போறேன், அதுவரைக்கும் அவர் கண்டுபிடிக்கிறாரான்னு பார்ப்போம்'னு சிரிச்சாங்க."

ஜெயித்திருக்கிறாள்! தனியாக உட்கார்ந்து, ஒரு கம்பெனியையே இறங்கி வரவைத்து, ஜெயித்துவிட்டு அதைப் பரிசாக ஒளித்தும் வைத்திருக்கிறாள். சீட் கவர்காரர் அழுதார். பெருமையாக இருந்தது. பெருமைதான் நெஞ்சை அதிகமாக அறுத்தது.

"அப்ப புது வண்டியும் அதே மாதிரி நின்னுடுச்சா?"

"அப்படித்தான் நாங்களும் பயந்தோம். வண்டிக்குள்ள ஒரு கருவி இருக்கு சார், எல்லாத்தையும் பதிவு பண்ணும். நேத்துதான் பிரிச்சுப் பார்த்தாங்க. இன்ஜின் நிக்கவே இல்லை. பள்ளத்துல விழற வரைக்கும் ஓடிட்டுத்தான் இருந்திருக்கு."

"பிரேக்?"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரேக்கை யாரும் மிதிக்கவே இல்லை சார்."

தூங்குகிற முகம் அவர் கண்முன் வந்தது.

அங்கிருந்து அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனார். கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் பாதியிலேயே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வண்டி மேல் பழி இருந்ததால் உடம்பை யாரும் அக்கறையாகப் பார்க்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் இன்னும் பத்திரமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று காலை அவரும் இன்ஸ்பெக்டரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வக்கீலைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. சார் எதுக்கு?"

"கம்பெனி மேல கேஸ் போடறதுக்குத்தான். அந்த போனைப் பத்தி சாருக்கு ஒரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை."

சொன்னான். டக் டக் சத்தம், அணைந்த இன்ஜின், கல்லாகிப்போன பிரேக்... ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான்.

"சத்தம் நல்லாக் கேட்டுச்சா?"

"என் காதால கேட்டேன் மாமா."

"அந்தச் சத்தம் போடற வண்டி ஒரு கீறல் இல்லாம கம்பெனி குடோன்ல நிக்குது மாப்பிள்ளை. சிட்டு போனது வேற வண்டியில. அவ சண்டை போடாமலே வாங்கின புது வண்டி. உங்க பிறந்த நாளுக்கு."

மாப்பிள்ளையின் முகம் வெளிறிப் போனது. நாற்காலியைத் தேடிப் பிடித்தான்.

"அவ... என்கிட்ட சொல்லவே இல்லையே..."

"ரத்தத்துல தூக்க மாத்திரை இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க டாக்டர்களுக்குக் கொடுக்கிற அதே சாம்பிள் மாத்திரை. காபி நீங்க போட்டது. கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேட்க வக்கீலை எப்பப் பார்த்தீங்கன்னும் விசாரிச்சுட்டோம். உங்க மனைவி உயிரோட இருக்கும்போதே. 'ஆள் செத்தா கம்பெனி என்ன தரும்'னு கேட்டிருக்கீங்க."



"அவ போன் பண்ணினது நிஜம்தானே?" சீட் கவர்காரரின் குரல் உடைந்தது. "என்ன சொன்னா? அதை மட்டும் சொல்லிடுங்க."

தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்.

"'கண்ணைச் சொருகுதுங்க, ஓரமா நிறுத்தட்டுமா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்ச தூரம்தானே... போயிடுன்னு சொன்னேன்."

அவர் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை. தோளில் கிடந்த பழுப்புத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன குழந்தை மாதிரி தேம்பினார்.

விலங்கு மாட்டி வெளியே கூட்டி வந்தார்கள். போலீஸ் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. ஏறப்போன மாப்பிள்ளை படியில் தயங்கினான். அவரைத் திரும்பிப் பார்த்தான்.

சீட் கவர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பயப்படாம ஏறுங்க மாப்பிள்ளை. இந்த வண்டி நடுவழியில நிக்காது."