டேப்பின் அடிப்பக்கம்

அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் காலையிலேயே சிட்டு அதைப் பார்த்தாள்.

முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தது. கொசுவைவிடச் சிறியது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பொடி ரோமம். இறக்கைகளைக் கூரைபோலச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. விரலால் அழுத்தினாள். கரித்தூள் போல ஒரு தடம் மிஞ்சியது.

மாலைக்குள் சுவரெல்லாம் அதுதான்.

"என்னங்க, இது என்ன பூச்சி?"

"பழைய வீடுன்னா பூச்சி இருக்கும். நீ என்ன அரண்மனையில பொறந்தவளா?" கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீடு அவன் அம்மாவுடையது. சிட்டுவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, பின்னறையை ஒட்டிய குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனவர். "தலையில அடி. நொடியில போயிட்டாங்க," என்று கணவன் சொல்லியிருந்தான்.

அந்தப் பின்னறையில் இனி சிட்டுவின் அம்மா தங்க வேண்டும். முழங்கால் போன பிறகு, படி இறங்க முடியாமல் மூன்றாம் மாடியில் தனியாகக் கிடக்கிறாள். அம்மாவுக்கு இடம் கிடைக்கும் என்றுதான் சிட்டு இங்கே வரச் சம்மதித்தாள்.

"முதல்ல பூச்சியைத் துரத்து. அப்புறம் உங்கம்மாவைக் கூட்டிட்டு வா," என்றான் அவன். "ரெண்டும் ஒரே ரகம். வந்தா போகாது."

சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

"வடிகால் ஈம்மா அது," என்றார் கடைக்காரர். "மருந்தடிச்சா பறக்கறது சாகும், பொறக்கறது பொறந்துகிட்டே இருக்கும். தண்ணி போற ஓட்டை ஒவ்வொண்ணு மேலயும் டேப் ஒட்டி வைங்க. ஓரத்துல கொஞ்சம் காத்து போகட்டும். காலையில எதோட அடிப்பக்கம் ஈ ஒட்டியிருக்கோ, அதுதான் அதுங்க வீடு. உள்ள இருக்கற வழவழப்பைத் தேய்ச்சு எடுத்துடுங்க, தீர்ந்தது."

காலையில் சமையலறை டேப் சுத்தமாக இருந்தது. முன் குளியலறையிலும் அப்படியே. பின் குளியலறை டேப்பைப் புரட்டினாள். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் ரோமம், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அங்கே தண்ணீரை அடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தரை காய்ந்து வெளுத்திருந்தது. ஆனால் வடிகால் சல்லடைக்குக் கீழே ஈரம் மினுமினுத்தது.

சாக்கடை நாற்றம் இல்லை. யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுப் போனதுபோல் சோப்பு வாசனை வந்தது.

"இங்க யாராவது குளிக்கறாங்களா?"

"ஆமா, பேய் குளிக்குது," என்று சிரித்தான் கணவன். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

சல்லடையைக் கழற்றி, பாட்டில் கழுவும் பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தாள். கறுப்பு வழவழப்பு நாடா நாடாவாக வந்தது. அதில் பொடிப் புழுக்கள் நெளிந்தன. கடைசியில், சுருட்டி வைத்ததுபோல ஒரு கொத்து நரைமுடி. வெந்நீரை ஊற்றினாள். மேலே புது டேப் ஒட்டினாள்.

பிறகு ஓர் ஈயும் பறக்கவில்லை.

அம்மா வந்தாள். பின் குளியலறை டேப்பை இன்னும் எடுக்கவில்லை. "ரெண்டு நாள் போகட்டும்மா, அதுவரை முன்பக்கம் குளி," என்றாள் சிட்டு.

அன்று மாலை மூவரும் கூடத்தில் இருந்தார்கள். டிவியில் ஏதோ படம். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

டொக்.

பின்பக்கமிருந்து வந்தது.

டொக். டொக்.

கணவனின் கட்டைவிரல் ரிமோட்டின் பொத்தானைத் தேடிப் போய் அழுத்தியது. டிவி சத்தம் கூடியது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பழகிய கை.

"என்னங்க... கதவு தட்டற சத்தம்."

"அம்மா சும்மா சும்மா தட்டுவாங்க. சோப்பு எடுத்துக் குடு, துண்டு எடுத்துக் குடுன்னு..."

பாதியில் நிறுத்தினான். அவன் பார்வை மெல்லச் சிட்டுவின் அம்மா மேல் போனது. அவள் கையில் பாதி மடித்த புடவை.

"நொடியில போயிட்டாங்கன்னு சொன்னீங்களே," என்றாள் சிட்டு. "எவ்வளவு நேரம் தட்டினாங்க?"

அவன் கண் டிவிக்குத் திரும்பியது.

"எவ்வளவு நேரம்?"

"படம் ஓடிட்டிருந்துச்சு," என்றான் மெதுவாக.

சிட்டு எழுந்து பின்னறைக்குப் போனாள். குளியலறை காலி. தரை காய்ந்திருந்தது. குனிந்து டேப்பை உரித்தாள்.

அடிப்பக்கத்தில் ஈ இல்லை.

ஐந்து விரல் நுனிகளின் தடம். வெகுநேரம் ஈரத்தில் கிடந்து சுருங்கிய விரல்கள். கீழேயிருந்து தள்ளியதுபோல.

கூடத்துக்கு வந்து டேப்பை அவன் கண்ணெதிரே நீட்டினாள்.

"பொய்!" ரிமோட்டை நாற்காலியில் வீசிவிட்டு எழுந்தான். "நீயே விரலைப் பதிச்சுட்டு வந்து கதை கட்டறியா?" விடுவிடுவென்று பின்பக்கம் போனான்.

கதவு அறைந்து சாத்திக்கொள்ளும் சத்தம்.

டொக். டொக். டொக்.

"சிட்டு! வழுக்குதுடி! கதவைத் திற!"

"போய்த் திற," என்று அம்மா கிசுகிசுத்தாள். "என்ன இருந்தாலும் மனுஷன்டி."

சிட்டு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

டிவி சத்தம் கூடியது.

திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கைகளும் புடவையைப் பற்றியிருந்தன. டிவியின் ஓரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. அவன் குரல் அதில் அமுங்கியது.

ரிமோட் நாற்காலியில் தனியாகக் கிடந்தது. அதன் பொத்தான் மேல், இறக்கைகளைக் கூரைபோலச் சாய்த்துக்கொண்டு, ஒரே ஒரு சாம்பல் ஈ.