வடிகட்டி தாண்டாத செல்கள்

"என் தம்பி திருடிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டான் சார். ஆனா அவன் திருடல."

சொன்ன பெண்மணி மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான்கு மணிக்குள் உண்மை தெரியாவிட்டால் மேலாளர் போலீசுக்குப் போய்விடுவார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளரை ஊரில் எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். கூடவே அலையும் மைத்துனருக்குப் 'பரபரப்பு' என்று பெயர். இரண்டுமே பொருத்தமான பெயர்கள்தான். பரபரப்பு அதற்குள் செருப்பு மாட்டிவிட்டார்.

தொழிற்சாலையில் ஐந்நூறு லிட்டர் எஃகுக் கலன் ஒன்று நின்றது. அதற்குள் வளரும் உயிருள்ள செல்கள்தான் மருந்தைச் சுரக்கின்றன. புதுத் திரவம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; மருந்து கலந்த பழைய திரவம் வடிகட்டி வழியே வெளியே வந்துகொண்டே இருக்கும். செல்கள் மட்டும் வடிகட்டியைத் தாண்டாமல் உள்ளேயே தங்க வேண்டும். அளவுக்கு மேல் பெருகினால், கலனுக்குள் இருக்கும் உணரி, அதாவது சென்சார், அதைப் பார்த்து இன்னொரு குழாயைத் திறந்துவிடும். மிகையானவை கழிவு டிரம்முக்குப் போய்ப் பிளீச்சிங் கரைசலில் சாகும்.

"நாலு நாளா இவங்க தம்பி எண்ணி எழுதற தாள்ல கலன் நிறைய செல்லுன்னு இருக்கு. நேத்து வேற லேப்ல பாத்தா பத்துல ஒரு பங்குதான்!" என்று மேலாளர் மேசையைத் தட்டினார். "மீதிய இவன் வித்துட்டான். தெரியாம இருக்கப் பொய்யா எண்ணி எழுதியிருக்கான்."

வடிகட்டியைத் தாண்டி வந்த திரவத்தை நிதானம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கலே இல்லை; செல்கள் அந்த வழியாகப் போகவில்லை.

தம்பி மூலையில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் "நான்தான் எடுத்தேன்" என்பதே பதில். பார்வை மட்டும் நிதானத்தின் காதோரமாகவே நின்றது.

"திருட்டு முழி மாமா. கண்ணப் பாத்து ஒரு வார்த்தை பேசல," என்று பரபரப்பு கிசுகிசுத்தார்.

நிதானம் கழிவு டிரம் மாற்றுகிறவரிடம் போனார்.

"தினம் ஒரு டிரம்தான் நிறையும். இந்த நாலு நாளா நாலு நாலு. முதுகு ஒடிஞ்சு போச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?"

பிறகு கலனின் உணரியைக் கழற்றச் சொன்னார். அதன் கண்ணாடி முகத்தில் செத்த செல்கள் ஏடு போலப் படிந்திருந்தன.

மூன்றரை மணிக்கு எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்.

"இங்க திருட்டே நடக்கல. செல்லத் திருட ஒரு சின்னக் குப்பி போதும், வீட்ல வளத்துக்கலாம். கலன்ல குறைஞ்சதே தெரியாது. பத்துல ஒன்பது பங்க எடுத்துட்டுப் போக இவர் என்ன டிபன் பாக்ஸ்லயா ஊத்திக்கிட்டார்?"

"அப்ப எங்க போச்சு?" என்றார் மேலாளர்.

"டிரம்முக்கு. கண்ணாடில ஒட்டுன செல்லப் பாத்து, கலன் பூரா செல்லுன்னு உணரி நெனச்சுருச்சு. குழாயத் திறந்துகிட்டே இருந்துச்சு. இதத் தடுக்கத்தான் தினமும் மைக்ராஸ்கோப்ல ஒரு ஆள் எண்ணணும்னு வெச்சிருக்கீங்க. இவர் தாளப் பாருங்க. நாலு நாளும் உணரியோட திரையில இருக்கற எண்ணே, கடைசிப் புள்ளி வரைக்கும். கையால எண்ணினா அப்படி வரவே வராது. இவர் எண்ணல, திரையப் பாத்து எழுதியிருக்கார்."

"சோம்பேறித்தனமா?" பரபரப்புக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல. திரையில எழுத்து பெருசு. ஓரப் பார்வையில படிச்சிடலாம். மைக்ராஸ்கோப்ப நேராத்தான் பாக்கணும்." நிதானத்தின் குரல் தணிந்தது. "தம்பி, என் காதப் பாத்தாத்தானே என் முகம் தெரியுது?"

தம்பி மெல்லத் தலையாட்டினார்.

"ஓரம் தெரியுது சார். நடுவுல ஒன்னுமே இல்ல. நாலு மாசமாச்சு. பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அத ஏன்டா சொல்லல? திருடன்னு எதுக்குடா எழுதிக் கொடுத்தே?" அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"திருட்டுன்னா என்னோட போயிடும். கண்ணுன்னா, எண்ணினதச் சரிபாக்காம கையெழுத்துப் போட்ட நீயும் போயிடுவியேக்கா."

அது உண்மை. தம்பிதானே என்று ஒவ்வொரு தாளிலும் பார்க்காமலே கையெழுத்திட்டிருந்தார் அக்கா. மேலாளரிடம் அதை அவரே சொன்னார். போலீஸ் வரவில்லை, இருவருக்கும் அன்றோடு வேலை போனது. தான் ஜெயித்த எந்த வழக்கிலும் இத்தனை கேவலமாக உணர்ந்ததில்லை என்று நிதானம் பிற்பாடு மைத்துனரிடம் சொன்னார்.

வாசலில் அடையாள அட்டைகளைக் கொடுத்துவிட்டு அக்காவும் தம்பியும் தெருவில் நின்றார்கள்.

"அக்கா, அழறியா?"

"இல்லடா."

அவள் முகத்தை ஓரக்கண்ணில் பிடிக்கத் தம்பி தலையைத் திருப்பினார். அவள் சட்டென்று நகர்ந்து, அவருக்கு ஒன்றுமே தெரியாத நடுவில், நேர் எதிரே வந்து நின்றுகொண்டாள்.