ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவில்

அன்று பிற்பகல் கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். மைத்துனன் பழைய டிராக்டரின் இரும்பு இருக்கையில் ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி மடியில் டீ பிளாஸ்க்கோடு வாசற்படியில் இருந்தாள். பட்டறைக்காரர், டிராக்டரின் மூக்குக்கும் பின்சுவருக்கும் நடுவே போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அதுவும் அதன் ஒரு விளிம்பில்.

"என்னங்க, பெட்டி முழுக்க இடம் கிடக்கு. ஓரமா தொத்திக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"என்னமோ, நடுவுல உக்காந்தா தோள் இடிக்குது."

"எது இடிக்குது? காத்தா?"

"வயசு மாமா, வயசு. வண்டிக்கு மட்டும் புது ரிங் போட்டீங்க, உங்களுக்குப் போடலையே" என்றான் மைத்துனன்.

மூவரும் சிரித்தார்கள்.

அந்த டிராக்டர் பட்டறைக்காரர் பிறப்பதற்கு முன்பே வயலில் இறங்கிய வண்டி. அதை ஓட்டி உழுதவர் இறந்தபின் வைக்கோல் போருக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. வாங்கி வந்தபோது பிஸ்டன் கல்லாகிப் போயிருந்தது. டீசலும் எண்ணெயும் மாற்றி மாற்றி ஊற்றி, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல மாதக்கணக்கில் காத்திருந்து அசைத்தார். இருக்கைக்கு அடியில் ஒரு கருவிப் பை இருந்தது. அதன் வாயை முடிச்சுமேல் முடிச்சாக, இரண்டு முனையும் காதுபோல நிமிர்ந்து நிற்கக் கட்டியிருந்தார் பழைய சொந்தக்காரர்.

"இந்த மனுஷன் போட்ட முடிச்ச அவுக்க கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று சலித்துக்கொண்டே மைத்துனன் அதைக் கத்தியால் அறுத்தான்.

வண்டியை விற்ற அம்மாள், பழைய சொந்தக்காரரின் மனைவி, ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "முன்னால நின்னு ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. வேற வண்டியில கட்டி இழுத்துக்குங்க." ஏன் என்று கேட்டதற்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பட்டறைக்காரர் பெரிதாகப் பயப்படவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கியர் கம்பியை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, நியூட்ரலில் இருப்பது உறுதியான பிறகே அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். உருவினால் அவிழும் ஒற்றைச் சுருக்கு. துணி இருந்தால் கியரில் இல்லை என்று பொருள். அதன்பிறகு கம்பியை யாரும் தொடக்கூடாது. அந்தத் துணியை நம்பித்தான் இத்தனை வருடமும் எத்தனையோ வண்டிகளின் முன்னால் நின்றிருக்கிறார்.

"ஓட ஆரம்பிச்சதும் மொத சவாரி எனக்கு. மறந்துடாதீங்க" என்றாள் மனைவி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தபடி.

"மட்கார்டுல உக்கார வச்சு ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். போதுமா மகாராணி?"

அவள் வெட்கமும் சிரிப்புமாக வீட்டுக்குப் போனாள். மழை தூற ஆரம்பித்தது. நனையாமல் பைக்கைத் தள்ளி வைக்க மைத்துனனும் பின்னாலேயே ஓடினான்.

பட்டறைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கியர் கம்பியில் சிவப்புத் துணி தொங்கியது.

எப்போது கட்டினோம்? காலையில் கட்டியிருப்போம் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். முன்னால் நின்று ஹேண்டிலை மாட்டினார். முதல் சுற்று கனத்தது. பிஸ்டனில் மாட்டிய புது ரிங்குகளின் இறுக்கம் என்று நினைத்தார். மூச்சைப் பிடித்து இன்னொரு முறை சுற்றினார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கரும்புகை கக்கி, இருமி, பிறகு சீராக இரைந்தது. அந்தச் சத்தத்தில் அவருடைய முகமெல்லாம் மலர்ந்தது.

அப்போது ரேடியேட்டர் அவர் நெஞ்சைத் தொட்டது.

நகர்கிறது என்று புரிவதற்குள் முதுகு சுவரில் ஒட்டிவிட்டது. மரப்பெட்டி அச்சுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி, நொறுங்காமல் முனகியது. அந்தப் பெட்டியின் தயவில் விலா எலும்புகள் தப்பின. பின்சக்கரங்கள் எண்ணெய்த் தரையில் வழுக்கி வழுக்கிச் சுழன்றன. எஞ்சினை நிறுத்தும் கம்பி இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கை நீட்டினால் பாதி தூரம்கூட எட்டவில்லை.

"மாப்ளே!"

தகரக் கூரையில் மழை. எஞ்சின் இரைச்சல். அழுந்திய நெஞ்சிலிருந்து எழுந்த குரல் அதைத் தாண்டவில்லை.

தொலைவில், வீட்டுப் பக்கத்தில், மைத்துனன் கத்துவது மட்டும் மெலிதாகக் கேட்டது. "அக்கா! ஓடுது அக்கா!" இருவரும் கைதட்டினார்கள்.

புகை இடுப்புவரை வந்து, கழுத்துக்கு ஏறியது. பானெட்டுக்கு மேலாக அவர் கியர் கம்பியையே பார்த்தார். துணி அதிர்ந்துகொண்டிருந்தது. முடிச்சின் இரண்டு காதுகளும் நிமிர்ந்து நின்றன.

அது அவர் போட்ட முடிச்சல்ல.

புகையோடு இன்னொரு வாசனையும் வந்தது. ஈரத்துணி. புளித்த வியர்வை.

இடது தோளில் ஏதோ இடித்தது.

திரும்ப இடமில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவும் இல்லை. அவருடைய காதுக்கு மிக அருகில், நெஞ்சு நசுங்கியவன் பேசுவதுபோல, காற்றும் சொல்லுமாக ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

அவர் அசையவில்லை.

"மூச்சு விட முடியல. ரொம்ப நாளா."

"யா... யாருங்க?"

"என் வண்டிதாங்க இது. நீங்க இருங்க. நான் போயிடறேன். வீட்டுல காத்துக்கிட்டு இருப்பா."

சில்லென்ற ஏதோ ஒன்று அவருக்குள் தோள் வழியாக நுழைந்து, குறுக்கே கடந்தது. புகை கண்ணை மூடியது.

திடீரென்று எஞ்சின் ஓய்ந்தது. மைத்துனன் நிறுத்தும் கம்பியை இழுத்திருந்தான்.

"ஐயோ மாமா! அக்கா, ஓடி வா!"

கியரை விடுவித்து, இருவரும் சேர்ந்து டிராக்டரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அழுதுகொண்டே அவள் கையை நீட்டினாள். பட்டறைக்காரரும் கை நீட்டினார்.

அவள் பிடித்தது வேறொரு கையை.

அவருக்கு முன்னாலேயே அவருடைய சட்டை எழுந்து நடந்தது. அவருடைய முதுகு, அவருடைய வழுக்கை, காதோரத்துத் தழும்பு எல்லாம் அவளுடைய தோளில் சாய்ந்தபடி வெளிச்சத்துக்குப் போயின. அவரும் ஓர் அடி எடுத்து வைத்தார். டிராக்டர் விலகியே நின்றது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ரேடியேட்டர் நெஞ்சை அழுத்தியது.

மழை விட்டது. அந்த உடம்போடு வெளியே போனவர் முகம் கழுவிவிட்டு வந்து, கொட்டகை ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்தில் மாற்றமில்லை. பட்டறைக்காரர் எப்போதும் எழுதுவதுபோலவே தேதி, வணக்கம், விஷயம் என்று வரிசைப்படிதான் எழுதியது அந்தக் கை.

"இந்த நிலைமையில கடிதாசியா? யாருக்குங்க?"

"வண்டிய வித்த அம்மாவுக்கு."

"அவங்களுக்கு என்ன எழுத இருக்கு?"

"வரேன்னு."

அவள் கணவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, எதற்கென்று தெரியாமல், மெல்ல நடந்து டிராக்டரின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றாள். ரேடியேட்டரின் பித்தளைத் தலை பனித்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி பனித்தது. விட்டு விட்டு, மூச்சு விடுவதுபோல.

"நான்தான்! இங்க இருக்கேன்! மொத சவாரி உனக்குன்னு சொன்னேனே!" என்று பட்டறைக்காரர் கத்தினார். பித்தளை மட்டும் இன்னும் கொஞ்சம் பனித்தது.

"இங்க யாரோ மூச்சு விடற மாதிரி இருக்குங்க."

"ரேடியேட்டர் ஆறுது. அப்படித்தான் இருக்கும்" என்றார் மேசையில் இருந்தவர். எழுந்து வந்து, கியர் கம்பியிலிருந்த சிவப்புத் துணியை நிதானமாக அவிழ்த்து, எண்ணெய்க் கையைத் துடைத்து, திரும்பவும் அங்கேயே கட்டினார். முடிச்சுமேல் முடிச்சு. இரண்டு காதும் நிமிர்ந்து நின்றன.

பிறகு உறையின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் ஓரம் பிசகாமல் அழுத்தி ஒட்டி, மைத்துனனிடம் நீட்டினார்.

"இன்னைக்கே போட்டுடுங்க தம்பி."

மாமா தன்னைத் தம்பி என்று கூப்பிட்டது மைத்துனனுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, உறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை, மரப்பெட்டியின் ஓரத்தில் நின்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.