அண்ணாச்சியைச் சுமந்தவள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் தூத்துக்குடியில் விரலை நீட்டாமல் யாரும் பஸ் ஏற முடியாது. பேருந்து நிலைய வாசலில் இருக்கும் வாசிப்புக் கூண்டில் காலை ஆறரைக்கே பிரகாசி உட்கார்ந்துவிடுவாள். ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிடம் காத்திருப்பு, அவ்வளவுதான். எந்தக் கொசு எந்த வருடம் எந்த வைரஸைக் கொண்டுவந்து அந்த உடம்பில் இறக்கியது, அதை எதிர்த்து நின்ற டி-செல்களில் எத்தனை இன்னும் மிச்சமிருக்கின்றன என்பதெல்லாம் திரையில் வரிசையாக வந்துவிடும். டி-செல்லை ஊரார் காப்பணு என்றார்கள்.

"உங்க காப்பணுவுக்கு ரெண்டு காய்ச்சல் ஞாபகமிருக்குக்கா. ஏழாம் வகை மட்டும் தெரியல. முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுப் போங்க" என்பாள். அடுத்த விரல் வரும்.

கடல் ஊருக்குள் வந்து, கொசுக்காலம் எட்டு மாதமாக நீண்டபின் வந்த ஏற்பாடு இது. முதலில் காப்பணுக்களைக் குளிர்பெட்டியில் உறைய வைத்துப் பார்த்தார்கள். உருகி எழுந்தவை பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தன. உயிருள்ள உடம்பில்தான் அவை மறக்காமல் இருந்தன. ஆகவே ஒருவர் இறந்தால், சில மணி நேரத்துக்குள் அவருடைய காப்பணுக்கள், அவற்றை ஏற்கும்படி மருந்தால் பழக்கப்படுத்தப்பட்ட இன்னொருவர் உடம்பில் குடியேற்றப்பட்டன. அப்படி ஏற்றுக்கொண்டவருக்குத் தாங்கி என்று பெயர். தேவை வரும்போது தாங்கியிடமிருந்து எடுத்து நோயாளிக்குக் கொடுப்பார்கள்.

தான் சுமப்பது யாரை என்று தாங்கிக்குத் தெரியாது. தங்கள் மனிதர் எங்கே போனார் என்று வீட்டாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் தெரிந்திருந்தது. செத்தவர்களின் மனைவிகளும் தாய்மார்களும் தாங்கிகளின் வாசலில் போய் நின்று அழுதபின் சட்டம் போட்டு மறைத்தார்கள்.

பிரகாசியின் கணவன் கஸ்பார் துறைமுகத்துப் படகு கவிழ்ந்து இறந்து எட்டு வருடம் ஆகிறது. அவனுடைய காப்பணுக்களைக் கொடுக்க அவள்தான் கையெழுத்துப் போட்டாள். தாங்கிகள் விரல் நீட்டும்போது அவள் திரையில் ஓர் எண் மட்டும் வரும். அந்த எண்ணுக்குப் பின்னால் போய்த் தேடும் வழி அவளுக்குத் தெரியும். ஒருநாளும் தேடியதில்லை.

புதன்கிழமை மகள் டெல்பினாவுக்குக் காய்ச்சல் கண்டது. பதினாறு வயது. வெள்ளிக்கிழமை காலை ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா அறிக்கையைப் பார்த்துவிட்டு, பிரகாசியை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஏழாம் வகை. இவளுக்குச் சின்ன வயசுல ரெண்டாம் வகை வந்திருக்கு இல்லையா?"

"மூணு வயசுல."

"அதுதான் இப்ப சிக்கல். அன்னைக்கு உண்டான ஆன்டிபாடி இந்த வைரஸையும் பிடிக்குது, ஆனா கொல்லத் தெரியல. பிடிச்ச கையோட செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போய் விட்டுடுது."

பிரகாசி தலையாட்டினாள். ஆன்டிபாடி பார்ப்பது வைரஸின் மேல்சட்டையை. சட்டை வகைக்கு வகை மாறும். காப்பணுவோ, வைரஸ் புகுந்துவிட்ட செல்லைத் தேடிப்போய் அழிப்பது. உள்ளே இருக்கும் புரதத்தின் துண்டை அந்தச் செல் வெளியே ஏந்திக் காட்டும். அதைப் பார்த்தே காப்பணு எதிரியை அடையாளம் காணும். ஆனால் துண்டை ஏந்தும் கை ஆளுக்கு ஆள் வேறு. அந்தக் கையோடு பழகிய காப்பணுதான் வேண்டும். பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து பாதிக் கை, தகப்பனிடமிருந்து பாதிக் கை.

"எனக்கு ஏழாவது வந்ததில்ல டாக்டர்" என்றாள்.

"தெரியும். மாவட்டம் பூராவும் தேடியாச்சு. ஒரே ஒரு தாங்கிகிட்ட ஒத்துப்போகுது. பாதிப் பொருத்தம். கொடுத்தவர் இறந்து எட்டு வருஷம்..."

டாக்டர் சட்டென்று நிறுத்தித் திரையை அணைத்தார். அதற்குள் பிரகாசிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் எதுவும் சொல்லல" என்றார் டாக்டர் மெல்ல.

"நானும் எதுவும் கேக்கல."

மதியம் தாங்கி வந்தாள். பேச்சித்தாய் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். முள்ளக்காட்டு உப்பளத்தில் உப்பு வாரும் வாருபொறி ஓட்டுகிறவள். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. ஆய்வகத்தில் பெருக்கி எடுக்க எட்டு நாள் ஆகும், அவ்வளவு நேரம் பிள்ளைக்கு இல்லை, அதனால் இருப்பதை முழுதாக எடுக்கவேண்டும் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். எடுத்தபின் ஏழாம் வகைக்கு அவள் உடம்பில் காவல் இருக்காது. இந்தக் கொசுக்காலம் முழுக்க உப்பளத்தில் இறங்கக் கூடாது.

பேச்சித்தாய் கண்ணாடி வழியாக டெல்பினாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணுகூட மிச்சமிருக்காதா?"

"எண்ணிப் பாக்குற அளவுக்கு இருக்காதும்மா."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரகாசியைப் பார்த்தாள். "நீங்கதான் அம்மாவா?"

"ஆமா."

"ஒருத்தரச் சுமந்து எட்டு வருசமாச்சுக்கா. பேரு தெரியாது. நான் அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். சதுப்புக்குள்ள வண்டியை எறக்கும்போது, அண்ணாச்சி பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுதான் எறக்குவேன்." லேசாகச் சிரித்தாள். "அவுகளைக் கேக்காம அனுப்புதோமேன்னு ஒரு மாதிரி இருக்கு."

பிரகாசி அவள் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் வேலையும் போகும், பொருத்தமும் ரத்தாகும். அவள் பேச்சித்தாயின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அவுக சந்தோசமாத்தான் போவாக" என்றாள்.

பேச்சித்தாய் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

மூன்று மணி நேரம் ரத்தம் அவள் உடம்பிலிருந்து சுற்றி வந்தது. கடைசியில் வெளிர்மஞ்சளாக ஒரு சின்னப் பை. அது டெல்பினாவின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

மறுநாள் காய்ச்சல் குறையவில்லை, ஏறியது. காப்பணுக்கள் சண்டையைத் தொடங்கிவிட்டன, சண்டை மிஞ்சினால் ரத்தக் குழாய்களே கசியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மகளின் வயிறு உப்பியது. பிரகாசி படுக்கை ஓரத்தில் நின்று, 'போதும், மெதுவா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் கஸ்பார் உரக்கப் பேசும்போது அவனிடம் சொல்லும் அதே தொனியில் சொல்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் நாள் வயிறு வற்றி, சிறுநீர் தாராளமாகப் போயிற்று. ஐந்தாம் நாள் டெல்பினா கண்ணைத் திறந்து, தயிர்சோறு கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து மறுவாசிப்புக்கு டெல்பினாவும் பேச்சித்தாயும் ஒரே காலையில் வாசிப்புக் கூண்டுக்கு வந்தார்கள். பிரகாசி முதலில் மகளின் விரலை வாங்கினாள். ஏழாம் வகையை அறிந்த காப்பணுக்கள் திரை நிறைய இருந்தன. எல்லாம் டெல்பினாவுடையவை. பேச்சித்தாயிடமிருந்து வந்தவை முன்னால் நின்று அடித்ததில் கிடைத்த அவகாசத்தில் அவள் உடம்பு தானே கற்றுக்கொண்டிருந்தது. சண்டை முடிந்ததும் பெரும்பாலான காப்பணுக்கள் இறந்துவிடும். மீந்த சிலவற்றையும், பாதிதான் பொருந்தியதால், அவள் உடம்பு வைத்துக்கொள்ளவில்லை. வந்தவற்றின் எண்ணிக்கை பூஜ்யம் என்றிருந்தது.

பேச்சித்தாயின் விரலையும் வாசித்தாள். அங்கும் பூஜ்யம். கீழே ஒரு வரி வந்தது. தாங்கி எண் ரத்து செய்யப்படுகிறது, மறைப்பு விதி இனி பொருந்தாது.

பிரகாசி கூண்டின் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"எங்கயும் இல்லையாக்கா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"இல்ல. இனிமே சொல்லலாம். அவரு என் வீட்டுக்காரரு. இவளோட அப்பா."

பேச்சித்தாய் ஆச்சரியப்படவில்லை. "அன்னைக்குக் கையப் பிடிச்சீகளே, அப்பவே நெனச்சேன்" என்றாள். மூவரும் நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "அண்ணாச்சி எப்படிப்பட்டவுகக்கா? ரொம்பத் தைரியசாலியோ?"

டெல்பினாவும் தாயின் பக்கம் திரும்பினாள். எட்டு வருடமாக அந்த வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. நினைவுகூர்ந்து பேசுவது இல்லாதவர்களைப் பற்றித்தான் என்று பிரகாசி நினைத்திருந்தாள். அவனோ எங்கோ யார் உடம்பிலோ இருந்துகொண்டிருந்தான்.

"தைரியமா?" என்றாள். சிரிப்பு முதலில் வந்தது. கண்ணில் நீர் அதன்பிறகுதான் வந்தது. "பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறி நிப்பாரு. கடல்ல வேல செய்யுத மனுசன். நான்தான் வெளக்குமாத்த எடுத்துட்டு வரணும்."

"அப்பாவா?" என்றாள் டெல்பினா.

"உங்கப்பாதான். கஸ்பார்னு பேரு" என்று பேச்சித்தாயிடம் சொன்னாள். "நல்ல மனுசனா இருந்தாரு."

அவர்கள் ஏறவேண்டிய பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.