கோபி பார்க்காத முகம்

கேபிளைச் செருகுவதற்கு முன்பே கணினி 'டுடுங்' என்று ஒலித்தது.

சுடர்விழி தன் கையைப் பார்த்தாள். கேபிளின் ஒரு முனை ஹார்ட் டிஸ்கில் இருந்தது. மறுமுனை அவள் விரல்களுக்கு நடுவில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "அவசரத்தப் பாரு இதுக்கு," என்று கணினியைத் திட்டிவிட்டு ஒழுங்காகச் செருகினாள். இப்போது சத்தமே இல்லை. திரையில் வழக்கமான இரண்டு டிரைவ்கள் மட்டும் இருந்தன. மூன்றாவது வரவில்லை.

உப்பளம் என்ற அந்தப் பகுதியில், அவள் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பாள். இந்த ஊரில் சாவு வீட்டுக்கு வீடியோக்காரர் வருவது புதிதல்ல. தெருவுக்கு நாலு பேர் பிரான்சில் இருக்கிறார்கள். வர முடியாதவர்களுக்குக் காட்ட வேறு வழி ஏது? அம்மா சுலோசனா இறந்தபோதும் அவள் வெளியாளைக் கூப்பிடவில்லை, கேமராவைத் தானே தூக்கிக்கொண்டாள். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று தெருவே மறித்தது. "எங்கம்மா போற எடத்துக்கு நான் வராம வேற யாரு வருவா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

அந்த வீடியோ இந்த டிஸ்கில் இருக்கிறது. இதில் மட்டும்தான் இருக்கிறது. காப்பி போட்ட கையோடு, அடுத்த ரிசப்ஷனுக்காக கேமராவின் கார்டை அழித்துவிட்டாள். அவள் தொழிலில் யாரும் செய்யக் கூடாத மடத்தனம் அது.

தம்பி கோபிநாத் பாரீஸ் பக்கம் ஓர் ஓட்டல் அடுக்களையில் வேலை செய்கிறான். தங்கும் அனுமதிக்கான 'கார்த்' அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான், அது கைக்கு வராமல் நாட்டைவிட்டு நகர முடியவில்லை. நாளைக்குக் கருமாதி. "அதுக்குள்ள ஒரு தடவ அம்மா மொகத்தக் காட்டிடுக்கா. வாய்க்கரிசிகூட நான் போடல," என்று காலையில் போனில் அழுதான். மத்தியான ஓய்வில் மறுபடி கூப்பிடுவான். இங்கே அது சாயங்காலம். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வெளியே மழை பிடித்திருந்தது. கணவன் இராமதாஸ் சமையலுக்குப் பாத்திரம் சொல்லப் போயிருந்தான். தகரத்தில் விழும் மழையின் இரைச்சலும், சாக்கடை எதிர்த்து வந்த வாடையும், அம்மா படத்துக்கு முன்னால் எரியும் விளக்கின் எண்ணெய்ப் புகையும், ஈரச் சுவரில் அந்தப் படத்தின் மாலை ஆட ஆட விழுந்த நிழலும் சேர்ந்து அந்தச் சின்ன அறையை இன்னும் சின்னதாக்கின.

கேபிளை மாற்றினாள். மின்சாரம் போதவில்லையோ என்று பின்பக்கத்து போர்ட்டில் செருகிப் பார்த்தாள். டிஸ்கில் விளக்கு எரிந்தது, உள்ளே தட்டு சுழலும் நடுக்கம் விரலில் தெரிந்தது, ஆனால் கணினிக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, பெயரில்லாமல் எங்காவது கிடக்கிறதா என்று தேடினாள். அங்கேயும் இல்லை.

டிஸ்கைக் காதருகே கொண்டுபோனாள். கெட்டுப்போனது என்றால் 'டிக் டிக்' என்று தட்டும். இது தட்டவில்லை, செருமியது. பஞ்சாலையின் தூசியைத் தின்றே வயதான ஒரு தொண்டையில், பாதி ஏறி, வெளியே வராமல் நின்றுபோகும் செருமல். அம்மாவின் அந்தச் செருமலைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள்.

பயந்தாள். பயந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிஸ்கின் துளையை வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் நெம்பினாள். ஒரு பச்சரிசி மேசையில் விழுந்தது. ஈரமாக இருந்தது. "கருமாதி சாமான் உள்ளதான கெடக்குது, எறும்பு இழுத்தாந்திருக்கும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். மேசையில் ஒரு எறும்புகூட இல்லை.

சுடுகாட்டில் சாமிக்கண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. சிதை அடுக்குகிறவர் அவர். "கடைசியா மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க," என்று குரல் கொடுத்து, எல்லோரும் பார்த்து முடிந்ததும் முகத்தைத் துணியால் மூடி வறட்டியை வைத்துவிட்டார். அப்போதுதான் கோபியின் வீடியோ கால் வந்தது. ஒரே ஒரு தடவை திறக்கச் சொன்னாள். அவர் மறுத்தார்.

"மூடுன மொகத்தத் தொறக்கக் கூடாதும்மா. நாம பாத்து முடிச்சாச்சு. இனிமே தொறந்தா செத்தவங்க நம்மளப் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. அவ புள்ளதான?" என்று இவள் வறட்டியைத் தானே எடுத்துப் போட்டாள். வலக்கையில் கேமரா, போன் இருந்த இடக்கையின் விரல்களாலேயே துணியை இழுத்தாள். துணி விலகிய அதே நொடியில் கோபியின் இணைப்பு அறுந்தது. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நெருப்பு வைத்த பிறகுதான் சாமிக்கண்ணு தலையில் கை வைத்தார். நெருப்புக்கு முன் அவிழ்க்க வேண்டிய, அம்மாவின் கைக் கட்டைவிரல்களைப் பிணைத்த கட்டை இந்த இழுபறியில் யாரும் அவிழ்க்கவில்லை.

'டுடுங்.'

திரையில் மூன்றாவது டிரைவ் வந்திருந்தது.

டிஸ்க் மேசையில் கிடந்தது. கேபிள் அவள் மடியில் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி.

எழுந்து ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. போன் அடித்தது. கோபி. வெள்ளை ஓடு பதித்த சுவருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கண் வீங்கியிருந்தது.

"கெடைச்சுதாக்கா?"

அவள் திரையைப் பார்த்தாள், டிஸ்கைப் பார்த்தாள். எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டதல்லவா? எந்தப் பேய்க்காகவும் தம்பியிடம் இல்லை என்று சொல்ல அவளால் முடியாது.

"கெடைச்சுதுடா. நல்லாப் பாத்துக்க."

டிரைவில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதை ஓடவிட்டு, போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்தாள். புகை மூட்டம். வறட்டி. அவளுடைய கையே வந்து துணியை விலக்கியது. அம்மாவின் முகம். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றிக் கட்டு.

கண் திறந்திருந்தது.

அன்றைக்கு மூடித்தான் இருந்தது. அவள் பார்த்தாள். கிட்டத்தில் நின்று பார்த்தாள்.

அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. சற்று விலகி, போன் இருந்த பக்கம் பார்த்தன. சுடர்விழி போனை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள். கண்கள் வலப்பக்கம் வந்தன. இடப்பக்கம் கொண்டுபோனாள். இடப்பக்கம் வந்தன.

"பாத்துட்டேன்கா," என்றான் கோபி. குரல் உடைந்திருந்தது. பிறகு, "அக்கா, அம்மா ஏன் என்னையே பாக்குறாங்க?"

"போதும்டா. போன வையி."

"வைக்க முடியலக்கா."

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள். இணைப்பு போகவில்லை. பாய்ந்து போய்ச் சுவரில் மெயின் சுவிட்சை அணைத்தாள். விசிறி நின்றது. அம்மா படத்து விளக்கைத் தவிர அறை இருண்டது. மானிட்டர் மட்டும் அணையவில்லை. சிதை இருந்தது. வறட்டி இருந்தது. விலக்கிய துணி இருந்தது.

முகம் இல்லை.

போனில், வெள்ளை ஓட்டுச் சுவருக்கும் கோபியின் முதுகுக்கும் நடுவே, ஒருவர் நிற்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. அங்கே அம்மாவுக்குப் போர்த்திய கோடிப் புடவை தெரிந்தது.

"கோபி, எழுந்திர்றா! வெளிய ஓடு!"

அவன் அசையவில்லை. அவன் கன்னத்தில் புகை படர்ந்தது.

போனை அவள் கீழே போடவில்லை. தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "எம்மா! தொறந்தது நானு. அவன் இல்ல. இங்க வா. என்னப் பாரு!"

கோபிக்குப் பின்னால் அம்மாவின் முகம் நிமிர்ந்தது. அவளைப் பார்த்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வைதான்.

சுடர்விழி கண்ணை மூடவில்லை. "வா!" என்றாள்.

அந்தப் பார்வை திரும்பக் கோபியிடம் போனது. தொண்டை செருமும் சத்தம். இந்த முறை முழுசாக.

இரண்டு கைகள் அவன் தலைக்கு மேலாக வந்தன. கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. குவிந்த உள்ளங்கையில் ஈரப் பச்சரிசி.

"கோபி!"

கோபி அண்ணாந்து வாயைத் திறந்தான்.